உமரியும் ஊற்றும்

காவிரியின் கடைமடையில் பிறந்தவனுக்கு நிலம் என்பது இரு வகை: மேட்டூர்த் தண்ணீர் எட்டும் நிலம், எட்டாத நிலம். எட்டும் நிலத்தைப் பற்றிப் பேசவும் பாடவும் எழுதவும் எத்தனையோ பேர் இருந்திருக்கிறார்கள். ஆனால் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கிலும் கிழக்கிலும், வாய்க்கால்களெல்லாம் தம் பெயரை இழந்து சதுப்பிலே கலந்துவிடுகிற இடத்திலிருந்து, வேதாரணியம், கோடியக்கரை, முத்துப்பேட்டை என்று கடலோரமாக நீண்டு கிடக்கும் உவர்நிலத்தைப் பற்றி, உப்பு எடுக்கிறவர்களையும் 1930-ஆம் வருஷத்து உப்பு சத்தியாக்கிரகத்தை நினைவு கூர்கிறவர்களையும் தவிர, வேறு யாரும் அதிகமாகச் சிரத்தை கொண்டதாகத் தெரியவில்லை. ராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பு அள்ளிய அந்த மண், எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரையில், வருஷத்தில் பாதிக் காலம் எங்கள் மாடுகளுக்குச் சோறு போட்ட மண். அந்தச் சோற்றைப் பற்றியும், அதைக் காட்டிலும் முக்கியமாக அந்தச் சோறு ஜீரணிப்பதற்கு வேண்டியிருந்த தண்ணீரைப் பற்றியும், எனக்கு ஞாபகம் இருக்கிறபோதே எழுதி வைத்துவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

கடைமடைக் கிராமங்களில் அக்காலத்தில் ஒரு போகந்தான். ஆவணியில் சம்பாச் சாகுபடி தொடங்கிவிட்டால் மாடு வாய் வைப்பதற்கு வரப்பைத் தவிர ஊரில் வேறு இடம் கிடையாது. தை பிறந்து கதிர் அறுப்பதற்கு முன்பே, நிற்கிற பயிரின் ஊடே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவார்களாதலால், பங்குனியில் அந்தக் காய்களைப் பறித்து முடிக்கும் வரையில் வயல் மாட்டுக்குத் திறப்பதில்லை. ஆகவே உழவு மாடுகளையும் கறவைப் பசு ஒன்றிரண்டையும் கொட்டிலில் நிறுத்திக்கொண்டு, பல வீட்டுக் கன்றுகாலிகளை ஒரே மந்தையாகச் சேர்த்துக் கடலோரத்துக்கு ஓட்டிவிடுவது வழக்கம். பங்குனி கழிந்து வயல் திறந்ததும் அதே மந்தை திரும்பி வந்து, இன்று இவர் வயல், நாளை அவர் வயல் என்று ஆடி வரையில் இரவுதோறும் கிடை அமர்ந்து உரமிடும். கடலோரத்து உப்புப் பூண்டுகள் மாட்டின் வயிற்றின் வழியாக நடந்து வந்து எங்கள் ஊர்ச் சம்பா நெல்லாயின என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த மாடுகளும் அந்த நிலத்துக்கென்றே ஏற்பட்டவை. உம்பளச்சேரி மாடு என்று வெளியுலகம் சொல்லுகிற இனம் அது. கன்று பிறக்கும்போது செந்நிறமாகப் பிறந்து, ஆறேழு மாதத்தில் மெல்ல மெல்லச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் ஒரு வெள்ளைச் சுட்டியும், கால்களிலும் வால் குஞ்சத்திலும் வெண்மையும் மட்டும் அப்படியே நிற்கும். உருவத்தில் சிறியது, பாலும் கொஞ்சந்தான். ஆனால் முழங்கால் அளவு சேற்றில் நாள் முழுதும் உழுதாலும் சோர்வடையாத கால்களும், பெரிய ஜாதி மாடுகள் முகர்ந்துவிட்டு விலகிப் போகிற உவர்ப் பூண்டைத் தின்று உடம்பு வைக்கிற வயிறும் அதற்கு உண்டு. வண்டிக்கும் ஏருக்கும் பழக்கும் காளைகளின் கொம்பைக் கன்றுப் பருவத்திலேயே தீய்த்துவிடுவார்கள். மோழையாக நிற்கும் அந்தக் காளைகளைக் கண்டால், சந்தையில் தூரத்திலிருந்தே தெற்கத்தி மாடு என்று சொல்லிவிடுவார்கள்.

எங்கள் மந்தைக்குப் பொறுப்பாக இருந்தவரை ஊரில் சிறுவர்கள் எல்லோரும் கிடைத் தாத்தா என்று அழைத்தோம். என் பெரியப்பா மாதம் ஒரு முறையாவது அவருக்கு அரிசி, மிளகாய், புளி, புகையிலை ஆகியவற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். பள்ளிக்கூடம் விடுமுறையாக இருந்தால் நானும் தொற்றிக்கொள்வேன். ஊரைத் தாண்டி, வயலைத் தாண்டி, ஈச்சம்புதர்களையும் தாண்டினால், திடீரென்று மரமே இல்லாத ஒரு வெட்டவெளி தென்படும். மழைக்காலத்தில் அது ஏரியைப் போல் தண்ணீர் நிறைந்து, நாரைகளும் பூநாரைகளும் இறங்கும் இடம்; மாசியில் அதே இடம் பாளம் பாளமாக வெடித்து, வெடிப்பின் ஓரங்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தூரத்திலே கடலை மறைத்துக்கொண்டு மணல்மேடு. இந்த வெளிக்கும் மேட்டுக்கும் இடையே, கண்ணுக்குச் சாதாரணமாகத் தோன்றுகிற ஒரு பச்சைப் பட்டை உண்டு. அதுதான் எங்கள் மேய்ச்சல் தரை.

கிட்ட நெருங்கிப் பார்த்தால் அந்தப் பச்சை ஒரே பச்சையாக இராது. மேட்டை ஒட்டிய பக்கத்தில் உப்பருகு படர்ந்திருக்கும். சாதாரண அருகம்புல்லைப் போலவே தரையோடு தரையாக ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விடுவது. இலை மட்டும் குட்டையாக, விறைப்பாக, நுனியில் சற்றே குத்துவதாக இருக்கும். மழை பெய்யாமல் சில நாள் கழிந்த பிறகு, வெயில் ஏறுகிற வேளையில் அந்த இலையைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பார்த்தால், அதன் மேலே பொடி செய்த கற்கண்டைத் தூவினாற்போலச் சிறு சிறு மணிகள் மின்னும். நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு. வேர் உறிஞ்சிய உப்பைப் புல் தன் உடம்பிலே தங்கவிடாமல் இலையின் நுண்ணிய சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது என்பதை நான் பிற்காலத்தில் படித்தேன். ஆனால் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மந்தையை முதலில் உப்பருகுக்குத்தான் ஓட்ட வேண்டும், அன்றைக்குத்தான் புல் கழுவிவிட்டது போல் இருக்கும் என்பதைக் கிடைத் தாத்தா எந்தப் புஸ்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்.

உப்பருகுக்கு அப்பால், தாழ்ந்த இடங்களில், உமரி. இதன் ஸ்வபாவம் நேர் விரோதமானது. உப்பை வெளியே தள்ளாமல் தன்னுள்ளேயே சேர்த்து வைத்துக்கொள்வது. அந்த உப்பின் பலத்தினாலேயே உவர் மண்ணிலிருந்து தண்ணீரை இழுத்துத் தன் சின்னஞ்சிறு உருண்டை இலைகளில் நிரப்பிக்கொள்வது. கிள்ளினால் சாறு தெறிக்கும். அதற்கும் தாழ்வில், கடல்நீர் ஏறி இறங்குகிற விளிம்பில், இலையே இல்லாமல் கணுக்கணுவாக நிமிர்ந்து நிற்கும் இன்னொரு சாதி உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்ணின் உப்பு கரைந்து இறங்கியதும் விதைகள் முளைத்து, மார்கழியில் இந்தத் தாழ்வு முழுதும் இளம்பச்சையாகத் தளதளக்கும்; மாசியில் வெயில் உறைக்க உறைக்க மண்ணில் உப்பு மேலேறி, அதே செடிகள் தடித்துச் சிவந்து, அடிவானம் வரையில் குங்குமம் கொட்டினது போலாகிவிடும். அழகுக்காக அந்தக் காட்சியைப் பார்க்க வந்தவர் எவரையும் அக்காலத்தில் நான் கண்டதில்லை. எங்களுக்கு அந்தச் சிவப்பு ஓர் எச்சரிக்கை. உமரி மார்கழியில் கீரை, மாசியில் உப்பு என்பார் தாத்தா. பச்சையாக இருக்கிற வரையில் மந்தையை அதில் அரை நாள் விடுவார், சிவக்கத் தொடங்கியதும் ஒரு நாழிகைக்கு மேல் நிற்கவிடமாட்டார்.

இதைக் காட்டிலும் கண்டிப்பான விதி ஒன்று அவரிடம் இருந்தது. வெறும் வயிற்றோடு எந்த மாட்டையும் உமரிக்கு விடலாகாது. விடிந்ததும் மேட்டுப் புல்லிலோ, அது போதாத நாட்களில் ஊரிலிருந்து வந்த வைக்கோலிலோ வயிற்றில் பாதி நிறைந்த பிறகே தாழ்வுக்கு இறங்க அனுமதி. புதிதாக மந்தையில் சேர்ந்த மாடானால், முதல் சில நாட்கள் உமரியின் ஓரத்தில் நின்று நாலு வாய் கடித்ததும் திருப்பிவிடுவார். ஒரு முறை, பசித்திருந்த ஒரு கிடாரி அவர் கையை மீறி உமரிக்குள் பாய்ந்தபோது, அந்த வயோதிகர் செருப்பில்லாத காலோடு சேற்றில் ஓடி அதை மறித்துக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். ஏன் தாத்தா இவ்வளவு பதற்றம் என்று கேட்டதற்கு, "உமரி நாக்குக்கு ருசி தம்பி, வயித்துக்குள்ள போயித்தான் கணக்குக் கேக்கும்" என்றார்.

மற்றப் பூண்டுகளைப் பற்றி அதிகம் சொல்லுவதற்கில்லை. மணல்மேட்டின் கடற்புறத்தில் பந்து பந்தாக முள் விரித்துக் காற்றில் உருண்டோடும் இராவணன் மீசையை மாடு தொடாது. அது மணலைப் பிடித்துக் கட்டுவதோடு சரி. அடம்பங்கொடியில் ஆடு வாய் வைக்கும். கோடியக்கரைக் காட்டின் ஓரத்திலே உகாய் மரங்கள் உண்டு. அதன் தழை கோடையில் ஆடுகளுக்கு ஓரளவு உதவும். முத்துப்பேட்டைப் பக்கத்தாருக்கு அலையாத்தி இலை பெரிய செல்வம். அந்த மரமும் உப்பருகைப் போலவே இலை வழியாக உப்பைக் கக்குவதுதான். கோடை முற்றிய நாட்களில் தோணியில் போய்த் தழை ஒடித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து பசுக்களுக்குப் போடுவார்கள். பால் திடமாக இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை.

இனித் தண்ணீருக்கு வருகிறேன். உப்புப் பூண்டைத் தின்ற மாடு, சாதாரணத் தீனி தின்ற மாட்டைவிட மிக அதிகமாகத் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். உள்ளே போன உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றுவதற்கு அதற்கு வேறு மார்க்கமில்லை. அந்தத் தண்ணீரும் உவராக இருந்துவிட்டால், எவ்வளவு பசுமை கண்ணெதிரே நின்றாலும் மாடு தின்பதை நிறுத்திவிடும். ஆகவே மேய்ச்சல் தரையின் எல்லையைத் தீர்மானிப்பது பூண்டு அன்று. நல்ல தண்ணீர் கிடைக்கும் இடத்திலிருந்து மாடு நடந்து போய்த் திரும்பக்கூடிய தூரமே அதன் எல்லை. தை முடிய மழைத்தண்ணீர் பள்ளங்களில் நிற்கும். அதற்குப் பிறகு மணல்மேட்டைத்தான் நம்ப வேண்டும். கடலுக்கும் உவர்ச் சதுப்புக்கும் நடுவே கிடக்கிற அந்த மேட்டின் அடிவாரத்தில், தாகத்துக்கு இதமான தித்திப்புத் தண்ணீர் ஊறுகிற அதிசயத்தை நேரில் கண்டவர்களே நம்புவார்கள். வேதாரணியத்துப் புகையிலைத் தோட்டக்காரர்கள் குடம் குடமாக முகந்து ஊற்றுவதும் மணலில் தோண்டிய அத்தகைய குட்டைத் தண்ணீரைத்தான்.

ஊற்றுத் தோண்டுவதில் தாத்தா காட்டிய நிதானத்தை இன்றும் என் கண்ணால் காண்கிறேன். மேட்டடியில் ஈரம் தெரிகிற ஓர் இடத்தைக் காலால் அழுத்திப் பார்ப்பார். மண்வெட்டியால் மேல்மணலை நாலு புறமும் அகலமாக ஒதுக்குவார். மணல் சரியாமலிருக்கப் பனைமட்டைகளைச் சுற்றிலும் சொருகுவார். முழங்கால் ஆழத்தில் மணல் கறுத்து ஈரமாகும். அதற்குக் கீழே ஒரு சாண் போனால் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து கலங்கலாக நிற்கும். அவ்வளவுதான், அதோடு மண்வெட்டியை வீசிவிடுவார். சிறுவனாகிய எனக்கு, இன்னும் கொஞ்சம் வெட்டினால் நிறையத் தண்ணீர் வருமே என்று ஆவல். "கீழ போகப் போகக் கடல் தம்பி. மேல இருக்கிறதை அலுங்காம எடுத்துக்கிட்டு, அது ஊறுற வரைக்கும் காத்திருக்கணும்" என்று சொல்லி, பக்கத்திலேயே இன்னொரு ஊற்றுக்கு இடம் பார்க்கக் கிளம்பிவிடுவார். ஆழமான ஒரு கிணற்றுக்குப் பதிலாக, வரிசையாகப் பல ஆழமில்லாத ஊற்றுக்கள். ஒன்றில் இறைத்துத் தொட்டியில் ஊற்றும்போது மற்றவை ஊறிக்கொண்டிருக்கும். பனையைக் குடைந்து செய்த அந்தத் தொட்டியில், முறை வைத்துப் பழகிய மாடுகள், சினைப் பசுக்கள் முதலிலும் காளைக் கன்றுகள் கடைசியிலுமாக, வந்து குடித்துவிட்டு விலகும்.

கடலோர மணலில் நன்னீர் உப்பு நீரைவிட லேசானதாகையால் அதன்மேல் மிதந்து நிற்கிறது என்பதையும், கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரையில் அது உப்பு நீரை அழுத்தி வைக்கிறது என்பதையும், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு டச்சுப் பொறியாளரும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்னார்கள். மேட்டின் நடுவே அந்த நன்னீர் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் இருக்கும். ஓர் இடத்தில் ஆழத் தோண்டி வேகமாக இறைத்தால், மேலே உள்ள பாரம் குறைந்து, அடியிலுள்ள உப்பு நீர் அந்த இடத்தை நோக்கிக் கூம்பாக எழும்பி வந்துவிடும். தாத்தாவின் மண்வெட்டி நின்ற இடம், இந்த சாஸ்திரம் நிற்கச் சொன்ன இடந்தான்.

1952-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்தருகே கரையைக் கடந்த புயலை எங்கள் பக்கத்தில் அந்தத் தலைமுறையினர் எவரும் மறந்ததில்லை. கடல்நீர் ஐந்து மைல் வரையில் உள்ளே ஏறிற்று என்று கணக்கெடுத்தார்கள். எங்கள் ஊர் அந்த எல்லைக்குள் இருந்தது. அது கார்த்திகை மாதமாகையால் மந்தை கடலோரத்தில் இருந்தது. காற்று திசை மாறியதைக் கண்டதும் தாத்தா மந்தையை மேட்டின் உச்சிக்கு ஏற்றிவிட்டார். ஆனாலும் கன்றுகள் பல போயின. ஊரிலோ, பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த சம்பா முழுதும் உப்பு நீரில் அழுகிற்று, வைக்கோற்போர்கள் மிதந்து போயின, குளங்களெல்லாம் கரித்தன. அடுத்த சில வாரங்கள் வாழை மரங்களைத் துண்டு துண்டாக நறுக்கியும், விழுந்த பனைகளின் ஓலையைக் கிழித்தும் போட்டு உழவு மாடுகளைக் காப்பாற்றினார்கள்.

அந்தத் தை மாதத்தில் நான் கண்டது ஒன்று உண்டு. நெல் அழுகிக் கிடந்த எங்கள் வயல்களிலேயே, நடுவயலில், உமரி முளைத்தது. கடல்நீரோடு மிதந்து வந்த விதைகள் போலும். பல தலைமுறையாக நெல்லைத் தவிர வேறொன்றும் காணாத மண்ணில் அந்தக் கடற்கரைச் செடியைக் கண்ட என் தகப்பனார், அதைத் தம் நிலத்துக்கு நேர்ந்த அபகீர்த்தியாகவே எண்ணி, ஆள் விட்டுப் பிடுங்கி எறியச் சொன்னார். மந்தையின் நிலைமையைச் சொல்ல ஊருக்கு வந்திருந்த தாத்தாதான் தடுத்தார். இதைப் பிடுங்காதீர்கள், மாடு தின்று தீர்க்கட்டும், தின்னத் தின்ன மண்ணிலிருக்கிற உப்புக் குறையும் என்று அவர் சொன்னதைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டு தகப்பனாரையும் சம்மதிக்கச் செய்தார். அந்த வருஷம் எங்கள் வயல்களே மேய்ச்சல் தரையாயின. அடுத்த மழையிலும் அதற்கடுத்த ஆற்றுப் பாசனத்திலும் உப்புக் கழுவுண்டு போனதில் உமரியின் பங்கு எவ்வளவு என்று அன்றைக்கு அளந்து சொல்ல யாருமில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2007-ஆம் வருஷம் வெளியிட்ட ஓர் ஆய்வில், உமரிச் செடிகள் 4 மாதத்தில் ஒரு ஹெக்டேர் நிலத்திலிருந்து ஏறத்தாழ 500 கிலோ உப்பைத் தம்முள் இழுத்துக்கொள்ளக்கூடும் என்று கணக்கிட்டிருப்பதைப் படித்தபோது, அந்தப் பெரியவர் காலமாகி வெகு காலமாயிருந்தது. செய்தியைச் சொல்ல அவர் இல்லையே என்று நான் வருந்தினேன்.

வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்த வருஷங்களில், என் வகுப்பில் மற்றவர்களுக்கு வெறும் பாடமாக இருந்தது பலமுறை எனக்கு மட்டும் ஒரு மனிதரின் குரலாகக் கேட்டது. உவர்நிலத்துப் பூண்டுகள் பலவற்றில் உப்பு மட்டுமன்றி ஆக்ஸாலிக் அமிலத்தின் உப்புக்களும் உண்டு. பசித்த மாடு அதை ஒரேயடியாகத் தின்றால் அவை இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவிடும், மாடு நடுக்கங்கொண்டு விழும். ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கினால், அசை போடும் பிராணியின் முதல் இரைப்பையில் வாழ்கிற நுண்ணுயிர்களே அந்த விஷத்தை உடைத்துவிடக் கற்றுக்கொள்ளும். நாலு வாய் கடித்ததும் மாட்டைத் திருப்பியவருக்கு நுண்ணுயிர் தெரியாது. பலனை நன்றாக அறிந்திருந்தார். மற்றொன்று, உமரி இனத்தின் காய்ந்த எடையில் கால் பங்கும் அதற்கு மேலும் சாம்பலாக, பெரும்பாலும் உப்பாகவே, நிற்கும். ஆகவே அது மாட்டுக்கு முழு ஆகாரமாகாது. ஆனால் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு 3, 4 பங்குதான்; இளம் உமரியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு உண்டு. வைக்கோலின் குறையை உமரியும், உமரியின் மிகையை வைக்கோலும் சமன் செய்ய, இரண்டையும் நன்னீர் கரை சேர்க்க வேண்டும்.

உத்தியோகத்தில் அமர்ந்து கடற்கரைக் கிராமங்களிலேயே பெரும்பாலும் பணியாற்றியபோது, ஓர் அலுவலகத்தில் மேய்ச்சல் நிலங்களின் பதிவேட்டைப் புரட்ட நேர்ந்தது. எங்கள் மந்தை தலைமுறை தலைமுறையாக மேய்ந்த வெளிக்கு எதிரே, களர், உபயோகமற்றது என்று எழுதியிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்தபோது எனக்கு உண்டான துக்கம் இன்னும் தணியவில்லை. உபயோகமற்றது என்று எழுதிவிட்ட நிலத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம், கொடுக்கவும் கொடுத்தார்கள்.

உலகத்தில் மற்ற இடங்களில் இந்தப் பூண்டுகளுக்குக் கௌரவம் ஏற்படாமலில்லை. ஆஸ்திரேலியாவில் உவர் பாய்ந்த வயல்களில் சாம்பல்நிற இலையுள்ள உப்புப் புதர்களை வரிசையாக நட்டு ஆடு மேய்க்கிறார்கள். 1954-இல் பண்டித நேரு திறந்து வைத்த பவநகர் உப்பு ஆராய்ச்சி நிலையத்தார், இலையற்ற அந்தக் கணுப் பூண்டிலிருந்து தாவர உப்பே எடுத்துக் காட்டினார்கள். கட்ச் வளைகுடாவில் காராய் என்ற ஒட்டக இனம் கடலில் நீந்திப் போய்த் தீவுகளிலுள்ள அலையாத்திக் காடுகளில் மேய்கிறது. 2015-இல் அதைத் தனி இனமாக அரசாங்கத்தார் அங்கீகரித்தார்கள். அந்த ஒட்டகங்களும் தீவுப் பள்ளங்களில் மழைநீர் நிற்கும் மட்டுமே அங்கே தங்கும். அது வற்றியதும் நல்ல தண்ணீருக்காகக் கரைக்கு நீந்தித் திரும்பும். இதைப் படித்தபோது, ஆயிரம் மைலுக்கு அப்பாலும் விதி ஒன்றேதான் என்று தெளிந்தேன்.

எங்கள் கரையில் அந்த விதி மீறப்பட்டது படிப்படியாகத்தான். டிராக்டர் வந்து உழவு மாடுகள் குறைந்ததை நான் குறை சொல்லமாட்டேன்; மனிதனுக்கும் மாட்டுக்கும் அது சிரமம் தணித்தது. கோடியக்கரையில் 1967-இல் சரணாலயம் ஏற்பட்டு, வெளிமான்களின் புல்வெளியில் மாடு மேய்ப்பதைக் கட்டுப்படுத்தியதும் நியாயமே. ஆனால் எரிபொருளுக்காகவென்று கொண்டுவந்த சீமைக்கருவேல், அதன் இனித்த காய்களைத் தின்ற மாடுகளின் சாணத்தின் மூலமாகவே மேடெங்கும் பரவி, மானுக்கும் மாட்டுக்கும் இருந்த புல்லை ஒருங்கே விழுங்கிற்று. 1990-களின் தொடக்கத்தில் இறால் பண்ணைகள் வந்தன. உபயோகமற்றது என்று எழுதப்பட்டிருந்த வெளிகளில் கரை கட்டிக் கடல்நீரைத் தேக்கியபோது, சுற்றிலும் இருந்த குட்டைகளும் கேணிகளும் ஒவ்வொன்றாகக் கரிக்கத் தொடங்கின. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிற்று. கரித்த குட்டைகள் அதற்காகத் தித்தித்துவிடவில்லை. அதற்கு முன்னும் பின்னுமாக, மணல்மேட்டில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி, மின்சார மோட்டார் வைத்து இரவும் பகலும் இறைத்தார்கள். மேலே மிதந்த நன்னீர் தீர்ந்து, அடியிலிருந்து கடல் எழும்பி வந்தது.

என் பணிக்காலத்தின் கடைசி வருஷங்களில் ஒரு தை மாதத்தில் நான் அந்தப் பக்கம் போயிருந்தபோது, உமரி முன்போலவே தளதளவென்று நின்றது. உப்பருகில் உப்பு மணிகள் மின்னின. ஒரு மாடுகூட அங்கே இல்லை. ஊற்றுக்கள் இருந்த இடத்தில் சவுக்குத் தோப்பும் மோட்டார்க் கொட்டகையும் இருந்தன. தீவனப் பற்றாக்குறை என்று நாங்கள் மனு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், தீவனம் தின்பாரற்றுச் சிவந்து, காய்ந்து, விதை உதிர்த்துக்கொண்டிருந்தது. உவர்நிலத் தீவனம் பற்றி இப்போது நடக்கிற கூட்டங்களில், எந்தச் செடியை நடுவது, எந்த ரகம் சிறந்தது என்று வெகு நேரம் பேசுகிறார்கள். செடி கேட்காமலே முளைக்கிறது. எனக்குப் பேச வாய்ப்புக் கொடுத்த கூட்டங்களிலெல்லாம் குளத்தைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதிக் கஜா புயலுக்குப் பின்பு, வேதாரணியத்துக்கு வடமேற்கே ஒரு கிராமத்தில், சில உம்பளச்சேரிப் பசுக்களை வைத்துக் காப்பாற்றி வரும் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். புயலில் கொட்டில் போய், தென்னை போய், மாடுகள் மட்டும் மிஞ்சியிருந்தன. நூறு நாள் வேலையில் ஊர்க் குட்டையைத் தூர் எடுக்க வந்தபோது, அவர் கரையில் நின்று, ஆழமாக வெட்டக் கூடாதென்று விடாப்பிடியாகச் சண்டை போட்டாராம். "ரெண்டு முழத்துக்கு மேல போனா கரிக்கும்னு எங்க அப்பா சொல்லுவாங்க. ஆழம் வேணாம், அகலமா வெட்டுங்க, எம்புட்டு வேணாலும் வெட்டுங்கன்னு சொன்னேன் ஐயா" என்றார். குட்டையைச் சுற்றி வந்து பார்த்தேன், அகலமாகத்தான் வெட்டியிருந்தார்கள். தண்ணீரை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தேன், தித்தித்தது. காலையில் அரை வயிற்றுக்கு வைக்கோல், பிறகு உமரி, மத்தியானம் குட்டை, சாயங்காலம் மேட்டுப் புல் என்று தம் மாடுகளின் தினசரியை அவர் சொன்னார். அந்த வருஷம் பங்குனி வரையில் தண்ணீர் நின்றதால் வைக்கோற்செலவு பாதியாயிற்று என்றும் சொன்னார்.

மழை பொய்த்துக் குட்டை நிறையாத வருஷத்தில் என்ன செய்வீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"மாட்டைக் குறைச்சுக்குவேன் ஐயா. தண்ணிக்குத் தக்கன மாடு" என்று சொல்லிவிட்டு, மேய்ச்சலுக்கு நேரமாயிற்றென்று எழுந்துகொண்டார்.